பழைய லைசென்ஸ்

ரத்னம்மா போனில் கத்தினார். பின்னால் தெலுங்கில் பெரும் சண்டை. திருச்சானூரில் பஞ்சமி தீர்த்தக் கூட்டம். அவர் குத்தகைக்கு நடத்தும் லாட்ஜில் ஒரே ரூமை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டது கம்ப்யூட்டர்.

"கம்பெனிக்காரங்க போனே எடுக்கல தரணி. நீ எழுதுனதுதானே, நீயே பாரும்மா. பிள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு படிக்கட்டுல உக்காந்துக்கினு கீது!"

அந்த ரூம் பதிவு மென்பொருள் நான் எழுதியதுதான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று லைசென்ஸ் போட்டு இணையத்தில் வைத்தேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு! திருப்பதிக் கம்பெனி ஒன்று அதை எடுத்து, பெயரை மாற்றி, என்னிடம் வாங்கிக்கொண்டிருந்த லாட்ஜுகளுக்கே விற்றது. ரத்னம்மா அவர்களிடம் போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். மிச்சம் நாராயணசாமி லாட்ஜ் ஒன்றுதான். அதுவும் போனால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

இங்கே ரூம் கணக்கு மதியத்தோடு முடியாது. தரிசனம் முடித்து எந்நேரம் வந்தாலும் அங்கிருந்து இருபத்துநாலு மணி நேரம். நேற்று, மாதக் கடைசியில் வந்தவர்களின் ரூமையெல்லாம் இன்று காலி என்று காட்டுகிறது. தப்பு, மாதம் மாறும்போது நேரத்தைக் கணக்கிடும் என் நிரல் வரியில்தான். நாராயணசாமி லாட்ஜில் உடனே திருத்திவிட்டேன். ரத்னம்மாவுடையது கம்பெனியின் கையில். அதை நான் தொட முடியாது.

கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவும் முடியாது. இனி எழுதுவதற்காவது வேலி போடலாம் என்று போன வாரம்தான் புது லைசென்ஸ் அறிவித்திருந்தேன்: எடுத்தால் உங்கள் மாற்றங்களையும் எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும்.

வேணு கூப்பிட்டான். என்னோடு காலேஜில் படித்தவன், இப்போது அந்தக் கம்பெனியில்.

"அந்தத் திருத்தத்தப் பழைய லைசென்ஸ்லயே போடு தரணி, இப்பவே ஏத்திடறேன். புதுசுல போட்டா தொடக்கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லிட்டாரு."

"ஏன், உங்ககிட்ட எழுத ஆளில்லயா?"

"தப்பு எங்கன்னு கண்டுபுடிக்க நாளைக்கு ஆயிடும். அதுவரைக்கும் எல்லா லாட்ஜும் இப்டித்தான்."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிடிவாதமாக உட்கார்ந்திருக்கலாம். நாளை வரை அந்தப் பெண் எங்கே போவாள்? வேணுவை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே பழைய லைசென்ஸில் போட்டேன்.

டீ ஆறுவதற்குள் கம்பெனியின் செய்தி வந்தது: ‘எங்கள் நிபுணர் குழு கோளாறைச் சரிசெய்துவிட்டது.’

பின்னாலேயே ரத்னம்மா.

"கம்பெனிக்காரங்களே பண்ட்டாங்கம்மா, என்னா வேகம்! உனக்குத்தான் வீணா தொல்ல. நாராயணசாமிகிட்டயும் சொல்லிக்கீறேன், அதையே வாங்கிக்கன்னு."

அவர் வைத்ததும் போன் மறுபடி அடித்தது. திரையில் நாராயணசாமியின் பெயர். அதிர்ந்து அதிர்ந்து அது மேசையின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.