முந்தானையில் எங்கள் தெரு

தேவிப்ரியாவின் முகூர்த்தப் புடவை முந்தானையில் எங்கள் தெரு முழுவதும் கட்டம் கட்டமாக இருக்கிறது. எந்த வீட்டார் சண்டை போட்டாலும் அந்த வீட்டுக் கட்டம் சிவந்துவிடும். ஓய்ந்தால் பழையபடி வெளுத்துவிடும். சாயத்தில் குறையில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எல்லாம் அவள் அப்பா முனிரத்தினத்தால் வந்தது. புடவை டிசைன்களைக் கட்டம் போட்ட தாளில் வரைவது அவர் தொழில். கைப்பேசியில் ஊர் வரைபடம் பார்க்கப் பழகியதிலிருந்து மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. எந்தத் தெருவில் கொசு அதிகம், எந்தக் கடை டீயில் சர்க்கரை குறைவு என்று எதை எடுத்தாலும் வரைபடமாக்கி வண்ணம் அடித்துவிடுவார். நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? நம் வீடு என்ன நிறம் என்று பார்க்க, கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம். கடைசியாக மொட்டை மாடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, தெருச் சண்டைகளை வரைபடமாக்கினார். மகள் புடவைக்கு வரைந்த மயில் வீட்டிலேயே தங்கிவிட, தறி அட்டையில் துளை குத்துகிறவரிடம் இந்தத் தாள் மாறிப் போய்விட்டது. இந்தக் காலத்துப் பெண்கள் எதைத்தான் கட்டுவதில்லை என்று அவரும் குத்திக் கொடுத்துவிட்டார். புடவை தறியிலிருந்து இறங்கியது கல்யாணத்துக்கு முந்தின நாள். வேறு நெய்ய நேரமில்லை.

மண்டபத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தவர்கள் குறைவு. எல்லோரும் முந்தானையைப் பிடித்து அவரவர் வீட்டைத் தேடினோம். எங்கள் தெருக்காரியான மாப்பிள்ளையின் அம்மா காந்தாவும் தேடினாள். வேட்டி விஷயமாகக் காலையில் புருஷனோடு போட்ட சண்டை இன்னும் ஓயாததால், அவள் வீடு செக்கச்செவேல் என்றிருந்தது.

"எங்க வூட்ல சண்டைன்றதே கெடையாதுபா!" என்று கத்தக் கத்தக் கட்டம் இன்னும் சிவந்தது. மானத்தை வாங்கியவர்களோடு சம்பந்தமே வேண்டாம் என்று தாலித் தட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தேவிப்ரியா சத்தமில்லாமல் அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் முந்தானையை நாங்கள் விடவில்லை.

முனிரத்தினத்தின் மனைவி சகுந்தலா அவர் பக்கம் திரும்பினாள். "ஊர் வூட்டுக்கெல்லாம் செவப்பு அடிச்சியே, நம்ம வூட்ட மட்டும் வெள்ளையா வுட்டுக்கினியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

"செத்த சும்மா இருமா."

"இத்தினி வருசமா சும்மாதான இருந்தேன்!" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. முந்தானை ஓரத்தில் அவர்கள் வீடு சிவந்தது. பக்கத்திலிருந்த சரிகையும் சேர்ந்து சிவந்தது. அதோடு ஒப்பிட்டால் காந்தாவின் வீடு வெறும் ரோஸ் நிறம்தான்.

காந்தா குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"எங்க வூடு எவ்ளோவோ தேவல," என்று தட்டை ஐயரிடம் நீட்டினாள். "மேளத்த அடிக்கச் சொல்லுபா, நேரமாவுது."

மாப்பிள்ளை அருள் தாலியை எடுத்தான். சகுந்தலா மகளைப் பார்த்ததும் சண்டையை நிறுத்தினாள். கட்டம் வெளுக்கத் தொடங்கியது. காந்தாவின் கண் மறுபடியும் முந்தானைக்குப் போனது. முனிரத்தினத்துக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது முடிச்சு விழும்வரை மனைவியின் காதருகே நின்று, அவள் வைக்கும் ரசத்தை வாயில் வைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.