புஷ்பவள்ளியின் கைச்சுற்று

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மலேசியாவில், ஜொகூர் பக்கம் ஸ்கூடாயில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது. இரவு ஷிப்ட் வேலையை விட்டவனுக்குப் பகலில் எங்கே உட்காருவது என்று தெரியாது. கதை இப்படித்தான் கிடைக்கும். அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் முயற்சி: "நாற்பத்தாறு வயதில், தையல்காரி புஷ்பவள்ளி தன் கைகளை வெறுக்கத் தொடங்கிய அந்த —"

பொய். அவள் எதையும் வெறுக்கவில்லை.

இரண்டாவது: "புஷ்பவள்ளி பேங்காக்குக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள்."

இது இருக்கட்டும். மேல்கைக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன். விமானச் செலவைச் சேர்த்தாலும் ஜொகூரில் கேட்ட விலையில் பாதிதான். தீபாவளி ரவிக்கைகளைக் கொடுத்து முடித்த கையோடு கிளம்ப வேண்டும். திரும்பி வந்து சில வாரம் கத்தரிக்கோலைத் தொடக் கூடாதாம். அந்த வாரங்களுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

2

(இங்கே ஒரு காரணம் வேண்டும். கணவன் கேலி செய்தான் என்று எழுதினேன். லாரி ஓட்டுகிற ஹேமநாதனுக்கு அவளைக் கேலி செய்யும் துணிச்சல் கிடையாது. மகள் கல்யாணம் என்று எழுதினேன். அவர்களுக்கு மகளே இல்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.)

நான் கடையில் இருந்த அன்றைக்கு ஹேமநாதனும் காரணத்தைத்தான் கேட்டான்.

"இந்த வயசுல கைய யாரு பாக்கப் போறா, புஷ்பா?"

"நான் பாப்பேன்."

"மயக்க ஊசி போட்டு எந்திரிக்கலன்னா?"

"நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்க."

அவள் மிஷினை நிறுத்தவில்லை. எனக்குக் கிடைத்த காரணம் அவ்வளவுதான். வாசகருக்குப் போதாது என்று தெரியும். அவளுக்குப் போதும்.

3

அவள் அனுப்பிய கையளவுக்கு பேங்காக் கிளினிக்கிலிருந்து பதில் மெசேஜ் வந்தது. அவள் கையில் துணி இருந்ததால் ஹேமநாதன்தான் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! டாக்டரே வேணாம்னுட்டாரு லா. மேல்கைச் சுற்று எட்டேகால் இஞ்சுதானாம். ரொம்ப ஒல்லியாம். ஆபரேஷனே தேவையில்லையாம்!"

மிஷின் நின்றது.

"எட்டேகாலா?" போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஐயோ, கடை நோட்டுல எழுதுற மாதிரி பாதிய அனுப்பிட்டேன்!"*

"விடேன். நல்லதுக்குத்தான் நடந்திருக்கு."

"அலமாக்! உங்க இடுப்பப் பாதியா எழுதுனா நீங்க எளச்சிருவீங்களா? டேப்ப எடுங்க. இந்த முனையப் பிடிங்க."

ஹேமநாதன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

(நான் எழுந்து பிடித்தேன் என்று எழுதிப் பார்த்தேன். நான் எழுந்திருக்கவே இல்லை.)

புஷ்பவள்ளி முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, டேப்பை மேல்கையில் சுற்றி இழுத்தாள். பதினாறரை. போனில் ஒரு விரலால் தட்டினாள்: முழுச் சுற்று பதினாறரை. முன்னே அனுப்பியது தப்பு. தேதி சொல்லுங்கள்.

"புஷ்பா..." என்றான் ஹேமநாதன்.

"போயிருச்சு."

*துணியை இரண்டாக மடித்து வெட்டுவதால் கைச்சுற்றில் பாதியை மட்டும் குறித்துக்கொள்வது அவள் வழக்கம். ஆயிரம் ரவிக்கைக்குச் சரியாக இருந்தது, தன் கைக்கு மட்டும் தப்பாகிவிட்டது.

4

முடிவு ஒன்று: ஆபரேஷன் மேசையில் அவள் இதயம் — இல்லை. ஆசைப்பட்ட பெண்ணைக் கொல்வது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம்.

முடிவு இரண்டு: "இந்தக் கைதானே உழைச்சுது" என்று கண்ணாடி முன் அழுது, டிக்கெட்டை — அழ அவளுக்கு ஏது நேரம்? ஆறு ரவிக்கைக்குக் கொக்கி வைக்க வேண்டும்.

முடிவு மூன்று: மெலிந்த கைகளோடு செனாய் விமான நிலையத்தில் இறங்குகிறாள், ஹேமநாதன் அசந்துபோய் — அவனை அசத்தவா அவள் போகிறாள்?

நான் கிளம்பும்வரை பேங்காக்கிலிருந்து பதில் வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முடியாது என்று எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஹேமநாதன் டீ வாங்கப் போன நேரத்தில், இன்னும் இரண்டு கிளினிக்குகளுக்கு அதே பதினாறரையை அவள் அனுப்பியிருந்தாள்.