வக்கீல் காருக்குப் பிக்கப் வந்தது

1971-ல் நான் மன்னார்குடியில் வக்கீல். எங்கள் தெருவில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் நான்தான். பண்ணையார்கள் காரில் வந்து இறங்கும் ஊர்களில், கூலிக்காரர் மகனான இந்த அரசப்பனும் காரில் வந்து இறங்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு பழைய கார் வாங்கினேன். இறங்கவும் செய்தேன். பெரும்பாலும் பாதி வழியில், தள்ளுவதற்காக.

காருக்குப் பிக்கப் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் உடனே வரும், வேகம் யோசித்துவிட்டுத்தான் வரும். எங்கள் பக்கம் மலை கிடையாது. இருக்கிற மேடெல்லாம் வாய்க்கால் பாலங்கள்தான். அதில் ஏறவே என் காருக்கு மூச்சு வாங்கியது.

மெக்கானிக்கிடம் போவது படித்தவனுக்கு அழகில்லை என்று நினைத்து, ஒரு ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நானே இறங்கினேன். கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைய இறங்கப் பெரிய ஜெட் போட்டேன், கரும்புகை வந்தது. தீப்பொறி விழும் டைமிங்கை மாற்றினேன், வெடிச்சத்தம் வந்தது. கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஊருக்குள் துப்பாக்கிச் சூடோ என்று ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் பழையபடியே மாட்டினேன்.

அப்போது என்னிடம் அம்சத்தின் வழக்கு இருந்தது. மூன்று மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, இருபது வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்தவள். குத்தகைதாரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததும் பண்ணையார் துரைராசு, "அவ எங்க கூலியாள், குத்தகையே கிடையாது" என்று சொல்லிவிட்டார். பண்ணையாரின் அடியாட்கள் வயலில் இறங்காமலிருக்க, வெளியாட்கள் யாரும் அந்த நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று தாசில்தாரிடம் தடை வாங்கினேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

விசாரணைக்கு நாலு நாள் முன்பு அம்சத்தைப் பார்க்கப் போனேன். அவள் வயலுக்கு முந்திய பாலத்தடியில் கார் நின்றுவிட்டது. அவளே வரப்பில் நடந்து வந்தாள். பானெட்டைத் திறந்து, இஞ்சினை ஓடவிட்டு, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இது காத்து வாங்குதுங்க," என்றாள்.

"என்னக்கா?"

"உஸ்ஸுன்னு கேக்குது பாருங்க. எங்க ஆயில் இஞ்சின்ல பைப்பு கீறிப்போனா இப்படித்தான். தண்ணி ஏறவே ஏறாது."

"அது பம்ப்செட்டு. இது பெட்ரோல் கார். ரெண்டும் வேற அக்கா."

"காத்து ஒண்ணுதானுங்களே தம்பி."

கார்புரேட்டருக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் குழாய். அதன் அடிப்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினாள். இஞ்சின் சத்தம் சட்டென்று சீரானது. விரலை எடுத்தாள், மறுபடி திணறியது. நான் புத்தகத்தை மூடினேன். அவள் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி வந்து, கீறலின் மேல் இழுத்துச் சுற்றிக் கட்டினாள்.

ஏறி உட்கார்ந்து, எப்போதும்போல ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தேன். அந்தக் காருக்கு அப்படி மிதித்தால்தான் காது கேட்கும் என்பது என் அனுபவம். இந்த முறை உடனே கேட்டுவிட்டது. கார் பாலத்தில் பாய்ந்து ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது, வளைவில் திரும்பாமல் நேரே போய் இருபது நாள் குறுவைப் பயிருக்கு நடுவே சேற்றில் உட்கார்ந்தது.

யாரும் கால் வைக்கக் கூடாது என்று நான் தடை வாங்கிய அதே வயல்.

பண்ணையின் காரியக்காரர் இராஜாங்கம் களத்திலிருந்து ஓடி வந்தார். கணக்கு வழக்கு, மனு எல்லாம் எழுதுகிறவர் அவர்தான். "வக்கீல் சார், நல்லா இருக்கீங்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, அங்கேயே இரண்டு சாட்சிகளைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வயல் நடவுப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து காரைத் தள்ளி மேலேற்றினார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு பாலம் வரைக்கும் என் கூடவே வந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. என் பவிசுக்காக ஓட்டிய காரால் அம்சத்தின் நிலம் போய்விடுமோ என்று, விளக்கைப் போட்டு வாதத்தை எழுத உட்கார்ந்தேன்.

விசாரணையன்று இருபது பக்க வாதத்தோடு எழுந்தேன். தாசில்தார் கையமர்த்திவிட்டு, என் மேல் வந்திருந்த புகாரை உரக்கப் படித்தார்: "...மேற்படி வக்கீல், அம்சம் என்பவரின் குத்தகை வயலில் அத்துமீறிக் காரை இறக்கி, அவர் சாகுபடி செய்திருந்த பயிரை நாசம் செய்தார்..."

நிமிர்ந்து இராஜாங்கத்தைப் பார்த்தார். "இது நீங்க எழுதினதுதானா?"

"ஆமாங்க. என் கையெழுத்துதாங்க."

"குத்தகை வயல்னு எழுதியிருக்கீங்களே?"

"ஊர்ல எல்லாரும் அப்படித்தாங்க சொல்..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். துரைராசு அவரைப் பார்த்த பார்வையில் நெல்லே கருகியிருக்கும்.

அன்றைக்கே அம்சத்தின் பெயர் குத்தகைதாரராகப் பதிவானது. என்னை மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள்; தந்தேன். அந்த வழக்கில் அதிகாரி முழுதாகப் படித்த என் எழுத்து அது ஒன்றுதான்.

மறுநாள் நசுங்கின இடத்தில் நாற்று நட நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அம்சம் பின்னாலேயே வந்து, நான் நட்டதைப் பிடுங்கிப் பிடுங்கி மறுபடி நட்டாள்.

"உங்கம்மா நல்லா நடுவாங்களே தம்பி," என்றாள், வருத்தமாக.