கோங் வீட்டுச் சுவரில் மந்தம்

சதுரங்கத்தில் என் நண்பன் கோங் ஒரு காயை நகர்த்துவதற்குள் ஷாவோஷிங் நகரத்து மஞ்சள் மது முழுவதையும் நான் குடித்து முடித்துவிடலாம். ஒருமுறை அவன் குதிரையைத் தொட்டபோது வசந்தகாலம். எடுத்து வைத்தபோது குளம் உறைந்திருந்தது. ஆனால் தோற்றது எப்போதும் நான்தான்.

அவனுடைய எழுபதாம் பிறந்தநாள் வந்தது. குடிநீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் தூரிகையால் சித்திர எழுத்து எழுதுபவன் நான். என் எழுத்து ஒன்று அவன் கூடத்தில் தொங்க வேண்டும், வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ‘துன்’ என்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்தேன். மழுங்கிய கத்திக்கு உள்ள சொல். மந்த புத்திக்கும் அதுவே. ஆனால் பழைய அறிஞர்கள் அதைப் பெருமையோடு சூடிக்கொண்டார்கள். கூரான தூரிகை சீக்கிரம் தேய்ந்துவிடும், மொண்ணையான, மை அரைக்கும் கல் தலைமுறைகளைத் தாண்டும் அல்லவா? கதவளவு தாளில் எழுதி, ஓரத்தில் என் பெயரும் சிவப்பு முத்திரையும் வைத்தேன்.

விருந்தில் தாளை விரித்ததும், கடித்தால் ஆயுள் குறையும் என்று முழுசாக உறிஞ்ச வேண்டிய பிறந்தநாள் நூடுல்ஸைப் பாதிப்பேர் கடித்துத் துண்டாக்கிவிட்டார்கள்.

“என்ன அண்ணே, பொறந்தநாளும் அதுவுமா இவரை மண்டுன்னு எழுதிக் குடுக்குறீங்க?” என்றாள் கோங்கின் மனைவி யூஷ்யா.

பழைய அறிஞர்களை வரிசையாக இறக்கினேன். அவர்கள் தங்களைத்தானே சொல்லிக்கொண்டார்கள், அடுத்த வீட்டுக்காரனையா சொன்னார்கள் என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் ஒருவன் தன் மாளிகையை ஓட்டைக் குடிசை என்பான். அதையே நீங்கள் சொன்னால் மறுபடி அந்த வாசலை மிதிக்க முடியாது. நாற்பது வருட நட்பு போகப்போகிறது. அதைவிட, என் எழுத்து குப்பைக்குப் போகப்போகிறது.

கோங் தாளைப் பார்த்தான். மூன்று அரச வம்சங்கள் வந்து போயின.

“எழுத்து நல்லாத்தான்யா இருக்கு. சொன்ன ஆளுதான் தப்பு.”

ஓரத்தை மடித்து, நகத்தால் நீவி, என் பெயரும் முத்திரையும் இருந்த பட்டையைக் கிழித்து என் சட்டைப்பையில் சொருகினான். பிறகு தன் முத்திரையை எடுத்து ஊதிப் பதித்தான். இப்போது அது அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. கூடமே எழுந்து நின்று அவன் அடக்கத்தைப் பாராட்டியது. யூஷ்யாவே ஆணி அடித்தாள்.

இப்போதெல்லாம் வருகிறவர்கள், இந்த வயதில் இப்படி ஒரு கையா என்று அவனிடம் வியக்கிறார்கள். ஏதோ வருகிறது என்கிறான், திருடன். அந்தக் கடைசிக் கோட்டின் இழுப்பைக் கவனியுங்கள் என்று நானே எழுந்து போய் அவர்களுக்குக் காட்டுகிறேன். வேறு யாருக்கு அதைச் சரியாகப் புகழத் தெரியும்?