ஆள் இருக்கக் கூடாத காடு

மக்காச்சோளத் தட்டைகளுக்கு நடுவே மகள் பானுப்பிரியா வருவதைப் பார்த்ததும், ஊர்க்காவலன் காப்பிச் சட்டியில் இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். அவள் வேலையில் இருக்க வேண்டிய நேரம். ஆனால் அவர் சோளக்காட்டை ஒட்டி, அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் கேட் பூட்டிக் கிடந்து இரண்டு மாதமாகிவிட்டது.

"காரணம் தெரிஞ்சுபோச்சுப்பா," என்றாள் உட்காராமலே. "நீங்கதான்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கம்பெனியின் வெடிமருந்து அறைகளைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் குடியிருப்பு இருந்தால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்களாம். அளந்து பார்த்ததில் அவருடைய ஒற்றை அறை அந்தத் தூரத்துக்குள் விழுந்திருந்தது. வெறும் மோட்டார் அறையாக இருந்தவரை அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மனைவி இறந்தபின், மகளும் மருமகனும் பிள்ளைகளும் நெருக்கியடித்துப் படுக்கும் வீட்டில் தனக்கொரு மூலை கேட்க மனமில்லாமல் அவர் இங்கே வந்து தங்கினார். போன வருஷம் பஞ்சாயத்துக்குத் தானே போய் வீட்டு வரியும் போட்டுக்கொண்டார். தனக்கென்று ஒரு கதவு எண் இருக்கட்டும் என்கிற ஆசை. அந்த எண்தான் இப்போது கம்பெனியை அடைத்திருந்தது.

"கம்பெனி வாரதுக்கு முந்தியே இது நம்ம காடு தாயி."

"காடு இருக்கலாம். ஆளுதான் இருக்கக் கூடாதாம்."

"ஆடு கெடக்கலாமா?"

"கெடக்கலாம்."

"அப்ப என்னையும் ஆடுன்னு எழுதிக்கிடச் சொல்லு."

"வெளையாடாதீகப்பா. சீசன் நேரம். எம்புட்டுப் பேரு சும்மா கெடக்கோம்! நாளைக்கு ஆபீசர் வாராக. நீங்க வீட்டுக்கு வந்துருங்க." அவள் குரல் இறங்கியது. "இருக்கிற எடத்துல படுத்துக்கிருவோம்."

அவர் காப்பியை ஆற்றி அவளிடம் நீட்டினார்.

மறுநாள் அடுப்பும் பாயும் மகள் வீட்டுக்குப் போயின. பஞ்சாயத்தில் வரியை நீக்கச் சொல்லிவிட்டு வந்து அவர் வரப்பில் நின்றார். அதிகாரி குனிந்து அறைக்குள் பார்த்தார். கரி படிந்த சுவரைப் பார்த்தும் பார்க்காதவர்போலத் திரும்பினார்.

"இங்க யாராவது குடியிருக்காங்களா, பெரியவரே?"

வேலிக்கு அந்தப் பக்கம் பானுப்பிரியாவும் மற்றப் பெண்களும் நின்றிருந்தார்கள்.

"யாரும் இல்லைங்கய்யா," என்றார் ஊர்க்காவலன். செத்துப்போன யாரைப் பற்றியோ சொன்னதுபோல இருந்தது.

கம்பெனி திறந்தது. பகலெல்லாம் வேலிக்கு அப்பாலிருந்து பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருக்க, அவர் காட்டைக் கொத்தினார். சாயங்காலம் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் வரப்போரம் வந்து நின்றது. பானுப்பிரியா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

"ஏறுங்கப்பா."

"நீ போ தாயி. மடையை அடைச்சுட்டு நடந்து வாரேன்."

கிணறு வற்றிக் கிடந்தது. அடைப்பதற்கு எந்த மடையும் திறந்திருக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். வேன் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனது.

அவர் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டால் ஆள் இருப்பது ரோட்டுக்குத் தெரியுமே என்று அப்படியே இருந்தார்.