அரை ஒன்பது

ஹெல்சிங்கியிலிருந்து லிஸ்பனுக்கு மூவாயிரத்து முன்னூற்று அறுபது கிலோமீட்டர். விமானத்தில் நாலே முக்கால் மணி நேரம். வித்தோரினோவுக்கு இது மனப்பாடம். சுவரில் ஓடு பதித்துக்கொண்டிருக்கும்போதுகூட மனசு இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கும். பக்கவாதத்தில் விழுந்த தன் அப்பாவைப் பார்க்க அவன் மனைவி மிர்வா லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்குப் போய்வர ஆரம்பித்து ஒன்பது மாதமாகிறது. முதலில் நாலு நாள், பிறகு ஒரு வாரம், இந்தத் தடவை பன்னிரண்டு நாள். என்றைக்காவது ஒருநாள் அங்கேயே தங்கிவிடுவாளோ என்று அவன் பயந்தான். அந்தப் பயத்துக்கு ஒரு பெயரும் இருந்தது, யோர்மா. அங்கே அவளை விமான நிலையத்தில் கொண்டுவிடும், அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரன். பார்க்காத ஆளின் மீது இத்தனை எரிச்சல் வருமென்று வித்தோரினோ நினைத்ததே இல்லை.

நேற்றுதான் வந்து சேர்ந்தாள். ஞாயிறு மதியம், உப்பு மீனும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தபோது மேசைமேல் கிடந்த அவள் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டான். தப்புதான். யோர்மா முந்தாநாள் அனுப்பிய செய்தியில் ‘புவோலி 9’ என்று இருந்தது. அவள் மொழியில் அவனுக்குத் தெரிந்த பத்துச் சொற்களில் புவோலி ஒன்று, ‘அரை’ என்று அர்த்தம். கடையில் பாதி ரொட்டி கேட்கக் கற்றுக்கொண்டது. அப்படியானால் ஒன்பதரை. எட்டரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பியதாக அல்லவா சொன்னாள்?

“ஒன்பதரைக்கு வர்றேன்னு அவன் எழுதியிருக்கான். எட்டரைக்கே கிளம்பிட்டேன்னு நீ சொல்றே. நடுவுல ஒரு மணி நேரம் எங்க போச்சு?”

மிர்வா கைபேசியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அட கிறுக்கா, எங்க ஊர்ல அரை ஒன்பதுன்னா எட்டரை. ஒன்பதுக்குப் பாதி வந்தாச்சுன்னு அர்த்தம். பதினோரு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தி இதுகூடத் தெரியலையா?”

“அந்த யோர்மா…”

“யோர்மாவுக்கு எழுபத்தொரு வயசு. வேணும்னா போட்டோ காட்டட்டா? காதுல மிஷின் வச்சிருப்பாரு.”

அவனும் சிரித்தான். வெட்கமாக இருந்தது, நெஞ்சுக்கு நிம்மதியாகவும் இருந்தது. தட்டுகளை எடுத்து வைத்தான்.

“மணி என்னாச்சு?” என்றான் சும்மா.

அவள் மணிக்கட்டைத் திருப்பினாள். “மூணு. அப்பாவுக்குக் காப்பி குடுத்திருப்பாங்க.”

சுவர்க்கடிகாரத்தில் லிஸ்பன் மணி ஒன்றுதான்; ஹெல்சிங்கி இரண்டு மணி நேரம் முன்னால்.

“வாட்ச்ச மாத்தலையா?”

“எதுக்கு? பத்து நாள்ல மறுபடி போகணுமே. இருக்கட்டும்.” சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கை கழுவக் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தாள். யோர்மாவைப் போல இதற்கு வயசு எழுபத்தொன்று இல்லை, காதில் மிஷின் இல்லை, சிரித்து ஒதுக்கவும் முடியாது. வித்தோரினோ அதைக் கையிலெடுத்தான். தோல்வாரில் இன்னும் அவள் சூடு இருந்தது. முள்ளை லிஸ்பன் நேரத்துக்குத் திருப்ப, ஓட்டுச் சுண்ணாம்பு படிந்த விரல்களால் சின்னத் திருகைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தான். நொடிமுள் நின்றது. அவனுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தமும் நின்றது.