சிவப்பு எழுத்தில் ஒரு ஜெபம்

சபையில் அவரை எல்லாரும் தேன்குரல் என்றுதான் சொல்வார்கள். பன்னிரண்டு வருடமாக ஞாயிறு ஆராதனையை நடத்துகிறவர். பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், மனுஷர் ஜெபம் பண்ணுகிற அழகே அழகு. எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எந்தச் சொல்லில் தொண்டை கம்ம வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையோடுதான் வருவார்கள். வார நாட்களில் அவருக்கு ஒரு சலவை இயந்திர நிறுவனத்தில் வேலை, புகார் சொல்கிறவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது. நாளொன்றுக்கு நாற்பது பேரிடம் மனதார வருந்துவார். அதில் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் திருதிருவென்று விழிப்பார்.

அவருடைய மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. திறந்து பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று மருத்துவர் பேச்சை முடித்துக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம் இவர் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தபோது அவள் எதிரே வந்து நின்றாள்.

“என்னங்க, நாளைக்கு எனக்காக ஜெபம் பண்ணுவீங்கல்ல?”

“இது என்ன கேள்வி? சபையே பண்ணப்போகுது.”

“சபை பண்ணட்டும். நான் உங்களைக் கேக்கறேன். எழுதி வச்சுக்கிட்டுப் பண்ணாதீங்க. இந்த ஒரு தடவை மட்டும்.”

“சரிம்மா” என்றார்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற அவர் முயலவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. படுக்கையறைக்குப் போனார், கதவைச் சாத்தினார், முழங்காலில் நின்றார். “ஆண்டவரே” என்றார். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாய் தானாகத் திறந்தது. ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு’ என்று வந்தது. சட்டென்று எழுந்துவிட்டார். பன்னிரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் ஜெபித்தவனுக்குக் கட்டின மனைவிக்காக ஒரு வரி வரவில்லையே என்று அவமானமாக இருந்தது. திரும்பி வந்து, வழக்கம்போலத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

வழக்கம் இதுதான். ஆராதனை முழுவதையும் ஒரே கோப்பில் அடிப்பார். பாட்டும் சங்கீத வாசிப்பும் கறுப்பு எழுத்தில். தன்னுடைய ஜெபமும் அதற்கான குறிப்புகளும் சிவப்பு எழுத்தில். தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, சிவப்பை எல்லாம் நீக்கிவிட்டு, மிச்சத்தைச் சபைத் திரையில் வரிகளைப் போடுகிறவருக்கு அனுப்புவார். திரை போடுகிறவர் போதகருடைய மச்சான், அதனால் சபைக்கே மச்சான். அன்றைக்கு உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள், மருத்துவமனைப் பையின் ஜிப் மூடவில்லை என்று. இவர் போய்ப் பையை அமுக்கிப் பிடித்து மூடிக் கொடுத்துவிட்டு வந்து, கோப்பை அப்படியே அனுப்பிவிட்டார். மச்சானும் எல்லா எழுத்தையும் வெள்ளையாக்கித் திரைக்கு ஏற்றார். படித்துப் பார்ப்பது தன் வேலையில்லை என்பது மச்சானுடைய கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மனைவி மூன்றாம் வரிசை ஓரத்தில், கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நின்றாள். அந்தச் சபையில் திரையில் எது வந்தாலும் எழுந்து நின்று ஒரே குரலில் வாசிப்பார்கள். நல்ல பழக்கம்தான். சங்கீத வாசிப்பு முடிந்தது. தேன்குரல் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஜெபத்தை ஆரம்பிக்கப் போனார். சபை நிறுத்தவில்லை.

“அன்பின் பரம பிதாவே, தேவரீருடைய பாதத்தில் வெறுங்கையோடு நிற்கிறோம்” என்று இருநூறு பேரும் வாசித்தார்கள். “நிறுத்து. மூன்று எண்ணு.”

அவர் கண்ணைத் திறந்தார்.

“என் இல்லத்தின் விளக்கானவளை உம் கரத்தில் தருகிறேன். இங்கே அவள் பக்கம் பார். குரல் உடைய வேண்டும். ஆனால் வார்த்தை விளங்க வேண்டும்.”

பாதிப் பேர் அங்கேயே தடுக்கி நின்றார்கள். காது மந்தமான சிலரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்த சிலரும் மட்டும், “கண்ணைத் துடை, வலது கை” என்பது வரைக்கும் பக்தியாக வாசித்து முடித்தார்கள். மச்சான் பதறிப்போய்த் திரையையே அணைத்துவிட்டார்.

முதலில் சிரித்தது மனைவிதான். இரண்டு வாரமாகச் சிரிக்காதவள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அது பரவி, பின்வரிசை வரைக்கும் போயிற்று. தேன்குரலுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் போலிருந்தது. போதகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், மைக்கை வாங்கிக்கொள்ளலாம் என்று. இவர் கொடுக்கவில்லை. மனைவி சிரிப்பு அடங்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் கேட்டதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற முகம் அது.

“ஆண்டவரே” என்றார். மைக் கீச்சென்று கத்தியது. “எனக்குப் பயமா இருக்கு.”

சிரிப்பு நின்றது.

“நேத்து இவ பையைக் கட்டிக்கிட்டே, சர்க்கரை எங்க இருக்கு, அலமாரிச் சாவி எங்க இருக்கு, பால்காரருக்கு என்ன சொல்லணும்னு ஒவ்வொண்ணா சொன்னா. நான் காதுல வாங்கவே இல்ல. வாங்கிக்கிட்டா இவ திரும்பி வரமாட்டாளோன்னு இருந்துச்சு. நீங்க இவள எடுத்துக்காதீங்க. எனக்கு வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. இத்தனை வருஷம் இங்க நின்னு உங்ககிட்டப் பேசினேனான்னே தெரியல. இவள மட்டும் விட்ருங்க.”

குரல் உடைந்தது. வார்த்தை விளங்கவில்லை. மூக்கு ஒழுகியது, துடைக்கக் கையில் ஒன்றும் இல்லை. கைக்குட்டையோடு வந்த பெண்கள் அதை மடியிலேயே மறந்து வைத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஜெபம் முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

மனைவி வரிசையை விட்டு வெளியே வந்தாள். மெதுவாக மேடைப் படியேறி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னங்க, ஆமென் சொல்லுங்க. எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்காங்க.”

அவர் தலையை ஆட்டினார். “சொன்னா முடிஞ்சுடும்மா.”

“சரி, அப்ப சொல்லாதீங்க” என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சபையில் ஒருவரும் உட்காரவில்லை.